என்னைக் கொன்று பழகுகிறவர்கள்

சமீபத்தில் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என் மனைவி சுமதியின் ஊர் அது. அங்கே கல்யாணம் என்றால் இலையில் உட்காராமல் தப்பித்துவர முடியாது. உட்கார்ந்தேன். ஒப்புட்டு வைத்தார்கள், மற்ற ஊர்களில் போளி என்பார்கள். அதன் மேல் நெய் ஊற்றினார்கள். போதும் என்று கையை விரித்து மறைத்தேன்... விரல் இடுக்கு வழியாக ஊற்றிவிட்டுப் போனார் ஒருவர். அவ்வளவு பாசம்.

பாயசம் வருவதற்குள் வலி வந்துவிட்டது.

மேல் வயிறு, வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே. யாரோ உள்ளே உட்கார்ந்து ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. அப்படியே முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறியது. கை கழுவும் இடத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கல்யாண மண்டபத்தில் ஒருவனுக்கு வயிறு வலித்தால் அங்கே வந்திருக்கிற அத்தனை பேரும் டாக்டர்தான். சோடா கொடுத்தார்கள். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் வந்து என் வலது கால் கட்டைவிரலைப் பிடித்து ஓங்கி இழுத்தார். எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம் என் மச்சான் வந்தார். சுமதியின் அண்ணன், பெயர் செங்கோட்டுவேலு. ரிக் லாரி வைத்துப் போர்வெல் போடுகிற தொழில். முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய்ப் பாறையில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறவர். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடக்கிற எதைப் பற்றியும் அவரிடம் ஒரு தீர்மானமான கருத்து இருக்கும். என் வயிறும் அந்த வகையில் சேர்ந்துவிட்டது.

"வாயுங்க மாப்ள," என்றார். "சித்தெ நடந்தீங்கன்னா எறங்கிரும்."

என்னைக் கைத்தாங்கலாக மண்டபத்தைச் சுற்றி நடக்க வைத்தார். மூன்றாவது சுற்றில் நான் வாழைமரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சுமதி வந்து என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, காரை எடுங்க. சேலம் போயரலாம்."

சேலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், நல்ல இடம். ஊசி போட்டார்கள், வலி மெல்ல அடங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல். ஒன்றல்ல, ஒரு கைப்பிடி.

படுக்கையில் சாய்ந்திருந்தபோது ஒரு பெண் உள்ளே வந்தார். ஒல்லியான உருவம், தோளில் துணிப் பை, ஒற்றைப் பின்னல். படிக்கிற பிள்ளை, கேஸ் ஷீட் எழுத வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"டாக்டர் எப்பம்மா வருவாங்க?" என்று கேட்டேன்.

"வந்துட்டேன் சார்," என்றார்.

அவர்தான் சர்ஜன். டாக்டர் அமலா. சேலம் டவுன்காரர், அப்பா மாதா கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்தக் கைகளிடம்தான் என் வயிறு போகப் போகிறது. அந்தக் கைகளோ... சின்னதாக, வளையல் கடையில் ஒன்றே முக்கால் சைஸ் கேட்கிற கைகள்.

பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார். வயிற்றில் சின்னச் சின்னதாக நான்கு துளை, உள்ளே கேமரா, லேப்ராஸ்கோப்பி. சாதாரண ஆபரேஷன்தான், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆனால் ஸ்கேனில் ஒரு சந்தேகம், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

எடுத்தோம். மறுநாள் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, பேனா முனையால் காட்டினார்.

"பித்தப்பையில இருந்து வர்ற குழாய் சாதாரணமா இந்த இடத்துல வந்து மெயின் குழாய்ல சேரும் சார். உங்களுக்கு அப்படி இல்ல. பின்பக்கமா சுத்திப் போய், மெயின் குழாயை ஒட்டிக்கிட்டே கீழ வரைக்கும் இறங்குது."

"அரிதா?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும். இத்தனை வயதுக்கு நான் ஒரு விஷயத்தில் அபூர்வமானவன் என்று யாரும் சொன்னதில்லை.

"நாங்க கொஞ்சம் பயப்படற மாதிரியான அரிது சார். ரெண்டு குழாயும் ஒண்ணு மாதிரியே தெரியும். இதை வெட்டறதுக்குப் பதிலா அதை வெட்டிடலாம்."

"வெட்டினால்?"

"வெட்டக் கூடாது சார்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் இருப்பதே ஆரோக்கியம்.

அப்புறம்தான் அதைச் சொன்னார். "பத்து நாள் டைம் குடுங்க. உங்க ஸ்கேனை எங்க சிமுலேட்டர்ல ஏத்தி, முதல்ல அதுல உங்களை ஆபரேஷன் பண்ணிப் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலைப்பாதை ஏறத் தொடங்குகிற அடிவாரத்தில். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போகிற அத்தனை பேரும் எங்கள் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சுமதி வீட்டு ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், முழுவதும் மலை ஏறாமல் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. ஆளுக்கு ஒரு பை ஆப்பிள்.

கூட்டம் கூடியது. கோயம்புத்தூருக்குப் போ என்றார்கள். சென்னைக்குப் போ என்றார்கள். ஒருவர், ஆபரேஷனே வேண்டாம், வாழைத்தண்டு போதும் என்றார். அது வேறு கல் என்று சொல்லிப் பார்த்தேன். கல் கல்தானே என்றார்.

மச்சான்தான் விசாரணையை நடத்தினார்.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசிருக்குமுங்க?"

"முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று..."

"அனுபவம் எப்புடி?"

"ஆபரேஷனெல்லாம் செய்கிறவர்தான். இதை முதலில் ஒரு மெஷினில் செய்து பார்த்துக்கொள்ளப் போகிறாராம்," என்றேன். "கண்ணில் ஒரு கண்ணாடிப் பெட்டி மாட்டிக்கொண்டால் வயிற்றுக்குள்ளே இருப்பதுபோலவே தெரியுமாம். வி.ஆர். என்று..."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"அட, அதுங்களா," என்றார் ஒரு சித்தி. "எம்பட பேரன் நாள்பூரா அதுலதான் கெடக்கறான். அதுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி, அவன்கிட்டயே குடுத்தறலாமுங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

"மாப்ள, நம்ம வண்டிக்குப் புதுசா ஒருத்தன் வந்தான்னா, ஒரு வருசம் ராடு தூக்கோணும். அப்பறமேட்டுத்தான் லீவர்ல கைய வெக்க வுடுவோம். டிவியில பாத்துப் பழகுனேன்னு ஒருத்தன் வந்து நின்னா, நீங்க உங்க காட்டுல போர் போட வுடுவீங்களா?"

விட மாட்டேன்தான். என்னிடம் காடு, விளைநிலம் எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

"அந்த மெசினைப் பாக்கோணும்," என்று முடித்தார்.

டாக்டருக்குத் தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். மறுத்துவிடுவார், அதோடு போகும் என்று ஒரு நம்பிக்கை. "தாராளமா வாங்க சார். நாளைக்கு ரெண்டு மணிக்கு லேப் காலியாத்தான் இருக்கும்," என்றார்.

போனோம், நான், சுமதி, மச்சான். நான்காவது மாடியில் ஒரு ஏசி அறை. மச்சான் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். வேண்டாம், போட்டுக்கொண்டே வரலாம் என்றார் டாக்டர். "இருக்கட்டுங்க," என்றார். உயிர் சம்பந்தப்பட்ட இடம் என்று அவருக்கு ஒரு மரியாதை.

உள்ளே நான் எதிர்பார்த்த மாதிரி எதுவும் இல்லை. கட்டில் இல்லை, பொம்மை இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை. அதிலிருந்து இரண்டு கைப்பிடிகள், கத்தரிக்கோலுக்கு இருப்பதுபோல வளையம் வைத்து நீட்டிக்கொண்டிருந்தன. கீழே காலால் மிதிக்க இரண்டு பெடல். ஒரு ஹெட்செட். சுவரில் ஒரு டிவி. ஹெட்செட் மாட்டியவர் பார்ப்பதை மற்றவர்கள் அதில் பார்க்கலாம்.

மச்சான் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சாமி. நீங்க மனுசங்களுக்கு எத்தன பண்ணியிருக்கீங்க?"

"பித்தப்பை நிறையப் பண்ணியிருக்கேன்," என்றார் டாக்டர் அமலா. "ஆனா சாருக்கு இருக்கற மாதிரி குழாய் ரெண்டே பேருக்குத்தான் பாத்திருக்கேன். ஒருத்தருக்கு நல்லபடியா முடிஞ்சது. இன்னொருத்தருக்குப் பாதியில எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நிறுத்திட்டு எங்க சீஃபைக் கூப்பிட்டேன். மீதியை அவங்க பண்ணினாங்க."

 சுமதி என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தாள்.

"நீங்க பண்ணிப் பாக்கறீங்களா?" என்று டாக்டர் மச்சானிடம் கேட்டார்.

மச்சான் கைப்பிடிகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "லீவர்தானுங்க," என்றார்.

ஹெட்செட்டை மாட்டிவிட்டார்கள். டிவியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு குகை தெரிந்தது. கருஞ்சிவப்பில் பெரிதாகக் கல்லீரல், அதன் அடியில் பச்சை நிறத்தில் கத்திரிக்காய் மாதிரி பித்தப்பை. எல்லாம் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தன. இரண்டு கம்பிகள் உள்ளே எட்டிப் பார்த்தன. மச்சானின் கைகள்.

"அந்தப் பச்சையை மெதுவாப் பிடிச்சு மேல தூக்குங்க," என்றார் டாக்டர்.

மச்சான் கையை வலது பக்கம் கொண்டுபோனார். கம்பி இடது பக்கம் போனது.

அங்கேதான் விஷயம். கம்பி நுழைவது வயிற்றுத் துளை வழியாக. வெளியே கை ஒரு பக்கம் போனால் உள்ளே முனை எதிர்ப்பக்கம் போகும். இதை மூளை ஏற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆகுமாம். மச்சானின் மூளை முப்பது வருஷமாக ரிக் லீவரோடு பழகியது. அது ஏற்றுக்கொள்வதாக இல்லை. கம்பி வழிக்கு வரவில்லை என்றதும், பாறையில் என்ன செய்வாரோ அதையே செய்தார்.

அழுத்தினார்.

டிவியில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. பெரிதானது. பொங்கியது.

"ஈரம் தட்டிருச்சுங்க," என்றார் மச்சான் திருப்தியாக.

பழக்க தோஷம். போர் போடுகிறவனுக்கு வாழ்க்கையில் அதைவிட நல்ல சேதி கிடையாது.

"அது ரத்தம்," என்றார் டாக்டர். "கல்லீரல்ல குத்திட்டீங்க. இடது பெடலை மிதிங்க. சூடு வெச்சா நிக்கும். அது இல்லீங்க, இடது..."

மச்சான் இரண்டு பெடலையும் மிதித்தார். கம்பிகள் அங்கும் இங்கும் அலைந்தன. குகை முழுவதும் சிவப்பாகி, திரையில் எதுவுமே தெரியாமல் போயிற்று. பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நோயாளி காலமானார் என்பதை அந்த மெஷின் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறது: பயிற்சி முடிந்தது.

மச்சான் ஹெட்செட்டைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வியர்வை.

"பாவம், யாருதுங்க இந்த வவுறு?" என்று கேட்டார்.

"சாரோடதுதாங்க. உங்க மாப்பிள்ளையோட ஸ்கேன்தான் இதுல இருக்கு."

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அப்படியே பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. ஒரு நர்ஸ் ஓடிவந்து பிரஷர் பார்த்தார். குளுக்கோஸ் தண்ணீர் கலந்து கொடுத்தார்கள். பித்தப்பையில் கல்லோடு நான் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் ஆகலைங்க மச்சான். பாருங்க, நின்னுக்கிட்டிருக்கேன்."

"இருந்தாலும் மாப்ள..." என்றார். கண் கலங்கியிருந்தது. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் என்னை அவ்வளவு அன்பாகப் பார்த்ததில்லை.

அடுத்து நான். எனக்கு எப்படியும் என்னைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஹெட்செட்டுக்குள் போனதும் ஒரு விநோத உணர்ச்சி. என் கல்லீரல் என் மூக்குக்கு முன்னால், வாசல்கதவு அகலத்துக்கு நிற்கிறது. இத்தனை வருஷமாக எவ்வளவோ ஊற்றியும் போட்டும் வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டதில்லை. கும்பிடத் தோன்றியது. கும்பிடப் போனதில் கையில் இருந்த கம்பி எதையோ கிழித்துவிட்டது. மச்சானைவிடச் சீக்கிரமாக முடித்தேன். என்னை நானே கொன்றுவிட்டு, மேஜையிலிருந்து என் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"நீங்க பாக்கறீங்களா மேடம்?" என்று சுமதியைக் கேட்டார் டாக்டர்.

"வேண்டாமுங்க," என்றாள் சுமதி. "நான் இருபத்தெட்டு வருசமா நேர்லயே பாத்துட்டுத்தான இருக்கறேன்."

கடைசியாக டாக்டர் அமலா மாட்டிக்கொண்டார். அந்த ஒன்றே முக்கால் சைஸ் கைகள் வளையத்துக்குள் நுழைந்தன. டிவியில் கம்பிகள் மெதுவாக உள்ளே வந்தன. அவசரமே இல்லை. பச்சைப் பையைப் பிடித்து மேலே தூக்கினார். அடியில் ஒட்டியிருந்ததை நூல் பிரிப்பதுபோல் இழை இழையாகப் பிரித்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார். பின்வாங்கினார். வேறு பக்கத்திலிருந்து வந்து பார்த்தார். மறுபடி நிறுத்தினார். பிறகுதான் கிளிப் போட்டு வெட்டினார். ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

பார்த்துக்கொண்டிருந்த மச்சான் மெதுவாகக் கேட்டார். "இவரு வவுத்துல இது எத்தனாவது தடவைங்க?"

"ஆறாவது. முதல் ரெண்டு தடவை மெயின் குழாயை வெட்டிட்டேன்."

"அத ஏனுங்க எங்ககிட்டச் சொல்றீங்க?"

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார் டாக்டர். "நீங்க கேட்டீங்களே."

 மச்சான் குளுக்கோஸ் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"எங்க தொழில்ல, எனக்கு ஒருநாளும் தொளைக்கற பிட்டு பாறைக்குள்ள மாட்டுனதில்லீன்னு ஒரு டிரைவர் சொன்னான்னா, ஒண்ணு அவன் பொய் சொல்றான். இல்லாட்டி போரே போட்டதில்ல. மாட்டுனது இன்ன எடத்துலன்னு சொல்றவன்கிட்டத்தான் வண்டியக் குடுப்போமுங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். யோசிக்க வேண்டும், இரண்டு நாள் டைம் வேண்டும் என்கிற மாதிரி ஏதோ.

"வெள்ளிக்கெழம வெச்சுக்கலாமுங்க," என்றாள் சுமதி.

வெள்ளிக்கிழமை. முதுகுப்பக்கம் நாடா கட்டிய ஒரு கவுனைப் போட்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த கவுனைத் தைத்தவர் மனித உடம்பில் பின்பக்கம் ஒன்று உண்டு என்பதை மறந்துவிட்டார். ஆபரேஷன் தியேட்டரில் ஊட்டிக் குளிர். நான் பயந்திருந்தேன். இத்தனை வருஷமாக இந்தப் பத்திரிகைப் பத்தியில் எவ்வளவோ தைரியமாக எழுதியிருக்கிறேன். அதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனின் தைரியம். மல்லாந்து கிடக்கிறவனுக்குக் கூரை மட்டும்தான் தெரிகிறது.

மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் குனிந்து பார்த்தன. பின்னலைத் தொப்பிக்குள் திணித்திருந்தார்.

"கடைசியாக எப்போது செய்து பார்த்தீர்கள் டாக்டர்?"

"நேத்து சாயந்தரம் சார்."

"நான்?"

"நல்லா இருந்தீங்க."

மயக்க டாக்டர் மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னார். இழுத்தேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் மச்சான் சொல்லித்தான் தெரியும். முக்கால் மணி நேரத்தில் முடியும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றரை ஆனது. வயதான பெரிய டாக்டர் ஒருவர் வேகமாக தியேட்டருக்குள் போனார். இரண்டு மணி நேரம் தாண்டியது. மச்சான் வராந்தாவை நடந்தே தேய்த்திருக்கிறார். சுமதி ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்தில் இருந்த ஆளிடம் மூன்று முறை மணி கேட்டாளாம். கையில் வாட்ச் கட்டியிருந்தாள் என்றார் மச்சான்.

அதைப் பற்றி நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால், வாட்ச் ஓடவில்லை என்பாள்.

கதவு திறந்து டாக்டர் அமலா வந்தார். நின்றபடி சொல்லவில்லை. பெஞ்சில் சுமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"முடிஞ்சுது. நல்லா இருக்காங்க."

சுமதி தலையை மட்டும் ஆட்டினாள். மச்சான்தான் கேட்டார். "ஏனுங்க சாமி, இத்தன நேரம்? பெரிய டாக்டர் வேற உள்ள போனாரு?"

"நடுவுல ஒரு இடத்துல நிறுத்திட்டேங்க. நான்தான் எங்க சீஃபைக் கூப்பிட்டேன். அவரும் பாத்து, இதுதான்னு சொன்னப்புறம் வெட்டினேன்."

"அத்தன தடவை மெசின்ல பழகியிருந்தீங்களே?"

"பழகினதாலதாங்க எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சுது."

பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாராம்: "குழாயெல்லாம் மெஷின்ல இருந்த மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா சாருக்கு நேர்ல கொழுப்பு ஜாஸ்தி."

சுமதி அப்போதுதான் சிரித்தாளாம். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். எந்தக் காரணத்துக்காக என்று மச்சானுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். அதை மச்சான் வாங்கிப் போய்விட்டார். அவருடைய ஆபீசில், பல ஊர்ப் பாறைச் சில்லுகளை வரிசையாக வைத்திருக்கும் கண்ணாடி அலமாரியில் இப்போது நானும் இருக்கிறேன். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறார். ஒருநாள் நான் போனபோது, காட்டிவிட்டு, "நானும் சித்தெ ஆபரேசன் பண்ணேனுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சை மழைக்கு மாற்றினார்.

வீட்டில் படுத்திருந்த நாட்களில் ஒன்று யோசித்தேன். உலகத்தில் எல்லாருமே யாரோ ஒருவர் மேல்தானே தொழில் பழகுகிறார்கள்? புதிய முடிதிருத்துபவர் யாரோ ஒருவரின் காதோரத்தில் பழகுகிறார். புதிய டிரைவர் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில், நம் ஸ்கூட்டருக்குப் பின்னால் நின்று கிளட்ச் பழகுகிறார். கல்யாணமான புதிதில் நான் ரசம் வைத்துப் பழகியது சுமதியின் மேல். எழுதிப் பழகியது உங்கள் மேல். ஆரம்ப வருஷத்துக் கட்டுரைகளைப் படித்தவர்கள் இன்னும் இந்தப் பக்கத்தைத் திறக்கிறீர்கள் என்றால், உங்கள் உடம்பு நல்ல உடம்பு. எனக்கு சிமுலேட்டர் இருந்ததில்லை.

மற்ற தொழிலில் பிழை செய்தால் காது, பம்பர், ரசத்தோடு போய்விடும். டாக்டர்கள் தொழிலில் அப்படி இல்லை. இத்தனை காலமும் முதல் பிழையை யாரோ ஒருவர் பெயர் தெரியாமல் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இப்போது அதை வாங்கிக்கொள்ள ஒரு மேஜை வந்திருக்கிறது. நல்ல மேஜை.

தையல் பார்க்கப் போன அன்று டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"உங்க ஸ்கேனை எங்க பயிற்சிக்கு வெச்சுக்கலாமா சார்? பேர், வயசு எதுவும் இருக்காது. இந்த மாதிரி குழாய் எங்க பிள்ளைங்களுக்குப் பழகக் கிடைக்கறதில்ல."

மச்சான் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "அப்ப இந்தப் புள்ளைங்கல்லாம் தெனம் மாப்ளையக் கொல்லுமுங்களா?"

"ஆரம்பத்துல கொஞ்ச நாளைக்குக் கொல்லுவாங்கதான்."

மச்சான் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அந்த மேஜை முன்னால் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். நான் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் பாடமாக வைக்கிற அளவுக்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு குழாய்தான்.

அப்புறம் அவ்வப்போது டாக்டரிடமிருந்து மெசேஜ் வரும். பெயர் இல்லாத கேஸ் என்பதால் பயிற்சி டாக்டர்கள் எனக்கு 'டிஃபிகல்ட் அங்கிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். "மெசினுக்கே தெரிஞ்சுபோச்சு," என்றாள் சுமதி. முதல் வாரம் ஒருவர் பாக்கியில்லாமல் என்னைக் கொன்றார்கள். இரண்டாவது வாரமும் அப்படியே. பல் தேய்க்கும்போது நினைத்துக்கொள்வேன்: இந்நேரம் நான்காவது மாடியில் ஒரு பெண் என் கல்லீரலைக் குத்தியிருப்பாள். கோபம் வரவில்லை. பரவாயில்லை அம்மா, இன்னொரு தடவை முயற்சி பண்ணு என்றுதான் தோன்றும்.

நேற்று மத்தியானம் மெசேஜ் வந்தது. "சார், இன்னிக்குத்தான் முதல் தடவையா எங்க ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தி முழுசா முடிச்சா. நீங்க பிழைச்சிட்டீங்க."

இரண்டு முறை படித்தேன். கொண்டுபோய் சுமதியிடம் காட்டினேன். அவளும் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லதாப் போச்சுங்க," என்றாள். "அப்படியே மாடிக்குப் போயி, தொட்டி ரொம்பிருச்சான்னு பாத்துட்டு வாங்க."

பிழைத்தவன்தானே பார்க்க வேண்டும். போனேன்.